பாதத்துக்கு ஒரு கம்பளி ஜுத்தி

டெல்லிக் குளிர் என்றதும் எல்லோரும் ஸ்வெட்டரையும் ரஜாயையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் குளிர் முதலில் ஏறுவது காலில்தான், சகோதரிகளே! டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிகிற வரைக்கும் இங்கே மொசைக் தரை ஐஸ் பலகை மாதிரி ஆகிவிடும். விடியற்காலையில் பால் காய்ச்ச வெறுங்காலோடு அடுக்களையில் நின்று பாருங்கள். கால் மணி நேரத்தில் உள்ளங்கால் மரத்துப்போய், அது நம்முடைய கால்தானா என்றே சந்தேகம் வந்துவிடும்.

நம் பக்கத்தில் வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை. தெருவில் மிதித்ததையெல்லாம் நடுக்கூடம் வரை கொண்டுவராமல் இருப்பது நல்ல வழக்கம்தான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். சென்னையிலும் மதுரையிலும் அதனால் ஒரு தொல்லையும் கிடையாது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குடியிருப்பவர்களையும், புருஷன் உத்தியோகத்துக்காக வடக்கே வந்துவிட்ட என்னைப் போன்றவர்களையும், பிள்ளை பெண் இருக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் ஆறு மாதம் தங்குகிற பெரியவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கத்திப் பெண்கள் இதற்குக் கண்டு வைத்திருக்கும் வழிதான் கம்பளி ஜுத்தி. ஜுத்தி என்றால் பஞ்சாபியில் காலணி. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற, ஜரிகை வேலை செய்த தோல் ஜுத்தி வேறு. இது வீட்டோடு இருப்பது, கம்பளி நூலில் கையாலேயே பின்னுவது. பார்ப்பதற்குக் கொஞ்சம் காலுறை மாதிரி, கொஞ்சம் ஷூ மாதிரி. கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். குனிந்து கட்ட வேண்டாம், பொத்தான் வேண்டாம், காலை நுழைத்தால் போதும்.

குளிர்கால மத்தியானங்களில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டுமே! கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு, வறுத்த வேர்க்கடலையும், எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்த கஜக்கும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, பட்டாணி உரிக்கிறவர்கள் ஒரு பக்கம், பின்னுகிறவர்கள் ஒரு பக்கம். எதிர்வீட்டு ஆன்ட்டிஜிதான் எனக்குக் குரு. எழுபது வயது. அவருடைய தாயார் 1947-ல் பிரிவினையின்போது ராவல்பிண்டியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவராம். அந்தத் தாயாரிடம் கற்றதை ஆன்ட்டிஜி ஊசியைப் பார்க்காமலே பின்னுவார். வாய் ஒரு பக்கம் பேசும், கண் தெருவில் இருக்கும், கை மட்டும் தன் பாட்டுக்கு ஓடும். கண்ணிக்கு அவர்கள் 'ஃபந்தா' என்பார்கள். நாம் ப்ளெயின் என்பது 'ஸீதா', பர்ல் என்பது 'உல்ட்டா'. ஃபந்தா என்றால் தூக்குக் கயிற்றின் சுருக்கு என்றும் அர்த்தமாம். "பயப்படாதே பேட்டி, இது கழுத்துக்கு இல்லை, காலுக்கு" என்று சிரிப்பார்.

குளிர் தேசங்களில் எல்லாம் இது போல ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. துருக்கியில் இதற்குப் 'பாதிக்' என்று பெயர். பெண்ணின் கல்யாணச் சீரில் ஜோடி ஜோடியாகப் பின்னி அடுக்குவார்கள். நம் இமாசலப் பிரதேசத்தில் குலு பக்கம் 'பூலா' என்று ஒன்று உண்டு. அது ஊசிப் பின்னல் அல்ல. கஞ்சாச் செடியின் தண்டு நாரைத் திரித்து அடிப்பாகம் செய்வார்கள். தோல் சம்பந்தமே இல்லாததால் கோயிலுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு போவதுண்டு. இந்தச் சங்கதி என் வீட்டில் எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

என் மாமியாருக்கு 78 வயது. கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து நாலு வருஷமாகிறது. இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி பாதிதான். இரண்டு வருஷத்துக்கு முன் மீரட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, கால் சில்லிடுகிறது என்று வெந்நீர்ப் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் பார்த்தால் குதிகாலில் கோலிக் குண்டு அளவு கொப்புளம். அவருக்குச் சுட்டதே தெரியவில்லை! அது ஆறுவதற்கு இரண்டரை மாதம் ஆயிற்று. "சர்க்கரை ரொம்ப நாள் இருந்தால் நரம்பு கெட்டுப்போகும், சூடும் தெரியாது, குத்துவதும் தெரியாது. இவர் வெந்நீர்ப் பை, ஹீட்டர் பக்கமே காலை நீட்டக்கூடாது. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டுக்கொள்ள வேண்டியவர் அம்மா அல்லவா?

"ஆத்துக்குள்ளே செருப்பா? ஸ்வாமி இருக்கற இடத்துலே செருப்பைப் போட்டுண்டு நான் நடக்கணுமா? அதைவிட ஒரேயடியா விழுந்துட்டுப் போறேன், போ."

"அம்மா, ரப்பர் செருப்புதானே? அலம்பி வெச்சிருக்கேன், புதுசு."

"ரப்பரானா என்ன, தோலானா என்ன? செருப்பு செருப்புதான்."

கணவர் சொல்லிப் பார்த்தார், நாத்தனார் போனில் அழுது பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் நான் குலுப் பூலாவைப் பற்றியும், கோயிலுக்குள் போட்டுக்கொண்டு போவதைப் பற்றியும் கதை போலச் சொல்லிவிட்டு, ஆன்ட்டிஜியின் ஜுத்தியைக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது கம்பளிதானே? நிஜக் கம்பளிதானே? கம்பளிக்குத் தோஷம் கிடையாது. பட்டுக்கும் கம்பளிக்கும் மடிக் குத்தமில்லேன்னு எங்க பாட்டி சொல்லுவா. நைலானைக் கொண்டுவந்து வெச்சுடாதே!" என்றார். அப்பாடா என்று இருந்தது. நியாயத்தைச் சொல்லிப் பணிய வைக்க முடியாதவர்களை, அவர்கள் நியாயத்துக்குள்ளேயே போய்த்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது!

நூலைப் பார்த்து வாங்குங்கள்

அம்மா கேட்ட கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. கடையில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. மிருதுவாக, பளிச்சென்று, மலிவாக இருக்கும். துவைக்கவும் சுலபம். அசல் கம்பளி என்பது ஆட்டு ரோமம். விலை கூடுதல், சிலருக்கு அரிக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு விரற்கடை நூலை வெட்டி, இடுக்கியால் பிடித்து, ஸிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். தீயை எடுத்ததும் தானே அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகி எரியும், ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரண்டு குணமும் தெரியும். இதை மடிக்காக மட்டும் சொல்லவில்லை. அடுப்படியிலும் ஸ்வாமி விளக்கருகிலும் நடமாடுகிறவர்களுக்கு, நெருப்புப் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் நூலைவிடக் கருகி அணைகிற நூல் எவ்வளவோ மேல். குழந்தைகளுக்கும் காலேஜ் பெண்களுக்கும் அக்ரிலிக் போதும். பெரியவர்களுக்கு நான் கம்பளிதான் சொல்வேன். அரிக்கிறது என்பவர்களுக்கு உள்ளே மெல்லிய பருத்தி ஸாக்ஸ் போட்டுவிடலாம்.

பெண்கள் பாதத்துக்கு ஒரு ஜோடி பின்ன 60 கிராமிலிருந்து 75 கிராம் வரை ஆகும். 100 கிராமாக வாங்கிவிடுங்கள். மிச்சம் பின்னால் கிழிசல் தைக்க வேண்டியிருக்கும். ஸ்வெட்டர் பின்னும் நடுத்தரக் கனமுள்ள நூலாக இருக்கட்டும். ஊசி 9-ம் நம்பர் ஒரு ஜோடி. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும் என்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். 9-ம் நம்பர் என்றால் 3.75 மில்லிமீட்டர். கடைசி ஓரத்தை முடிக்க மட்டும் 7-ம் நம்பர் ஒரே ஒரு ஊசி. கம்பளி தைக்கும் மொண்ணை ஊசி ஒன்று, அளவு டேப், ஒரு பழைய செய்தித்தாள்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது

கடையில் வாங்குகிற ஜுத்தி நூறு பேர் காலுக்கும் ஒரே அளவு. கையால் பின்னுவதன் லாபமே, அது ஒரே ஒருவருடைய காலுக்காக இருப்பதுதான். ஆகவே அளவில் அவசரப்படாதீர்கள்.

சாயங்காலம் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால், காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கித்தான் இருக்கும். செய்தித்தாளின் மேல் நேராக நிற்க வைத்து, பென்ஸிலைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு பாதத்தையும் சுற்றி வரையுங்கள். உட்கார வைத்து வரைந்தால் அளவு குறைந்துவிடும். இரண்டில் எது நீளமோ அதுதான் நம் கணக்கு. பிறகு விரல்களுக்குச் சற்றுக் கீழே, பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னல் இழுத்தால் விரியும். பாதத்தின் அளவுக்குச் சரியாகப் பின்னினால் நாலு நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். தொளதொள ஜுத்தி வயதானவர்களுக்கு ஆபத்து, தடுக்கிவிடும். ஆகவே நீளத்தில் 2 சென்டிமீட்டரும், சுற்றளவில் 2 சென்டிமீட்டரும் குறைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் பாதம் 23 சென்டிமீட்டர் நீளம், 22 சுற்றளவு. ஆக ஜுத்தி 21 நீளம், 20 சுற்றளவு. நீர் கோத்து வீங்குகிற கால் என்றால் சுற்றளவைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

இனி கண்ணிக் கணக்கு. 9-ம் நம்பர் ஊசியில் 22 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் ப்ளெயினாக ஒரு சதுரத் துண்டாகப் பின்னிப் பாருங்கள். அகலம் 10 சென்டிமீட்டர் வந்தால் உங்கள் கை சரியான கை. அதற்கு மேல் போனால் 10-ம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள், குறைந்தால் 8. இந்தத் துண்டைப் பின்னச் சோம்பல்படுகிறவர்களே அதிகம். அரை மணி நேரம்தான், பின்னுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 என்றால் 20 சென்டிமீட்டருக்கு 44 கண்ணி. அவ்வளவுதான் கணக்கு.

பின்னும் விதம்

இரண்டே ஊசியில் ஒரு நீள்சதுரத் துண்டாகப் பின்னி, மடித்துத் தைப்பதுதான் இந்த ஜுத்தி. குதிகாலில் ஆரம்பித்து விரல் நுனியில் முடியும்.

தைப்பதற்காக ஒரு முழம் நூலை விட்டுவிட்டு, 44 கண்ணி ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல், ப்ளெயினுக்கு நுழைப்பது போல ஊசியை நுழைத்து அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதெல்லாம் ப்ளெயின். கடைசிக் கண்ணி மட்டும் பர்ல். இப்படிச் செய்தால் இரு ஓரமும் சங்கிலி மாதிரி அழகாக விழும், பின்னால் அந்தச் சங்கிலியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. 50 வரிசை பின்னுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு. 25 மேடு எண்ணினால் 50 வரிசை. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வந்திருக்கும். இது குதிகாலிலிருந்து பாதத்தின் பாதிக்கு மேல் வரைக்கும்.

இனி முன்பாதி. ஒரு ப்ளெயின், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றி 20 வரிசை. வரிசை திரும்பும்போது ப்ளெயின் மேல் ப்ளெயின், பர்ல் மேல் பர்ல் வர வேண்டும். இந்த வரிப் பின்னல் ரப்பர் போல இழுத்துச் சுருங்கும், ஜுத்தி காலோடு ஒட்டி நிற்பது இதனால்தான். சுமார் 7 சென்டிமீட்டர் ஆனதும் நுனியை முடிக்கலாம். ஒரு வரிசை முழுக்க இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து ப்ளெயின் பின்னினால் 22 கண்ணி ஆகும். அடுத்த வரிசை எல்லாம் பர்ல். அதற்கடுத்த வரிசையில் மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 11. நூலை இரண்டு முழம் விட்டு வெட்டி, தைக்கும் ஊசியில் கோத்து, 11 கண்ணிகளுக்குள்ளும் இரண்டு தடவை ஓட்டி, சுருக்குப் பையின் வாயை இழுப்பது போல இழுத்து இறுக்குங்கள்.

அதே நூலால் வரிப் பின்னலின் இரு ஓரங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, வரிப் பின்னல் ஆரம்பித்த இடம் வரை தைத்துக்கொண்டு வாருங்கள். அதோடு நிறுத்துங்கள், மிச்சத் திறப்புதான் கால் நுழையும் வாய்.

குதிகாலைத்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். கண்ணி ஏற்றின ஓரத்தை நடுவில் மடித்தால் 22-க்கு 22 நிற்கும். அதை மேலிருந்து கீழ் வரை நேராகத் தைத்தால் அடியில் கூம்பாக ஒரு மூக்கு நீட்டிக்கொள்ளும், நடக்கும்போது குதிகாலில் உறுத்தும். மேலிருந்து 16 கண்ணி வரைக்கும் மட்டும் தையுங்கள். அடியில் இரு பக்கமும் ஆறாறு கண்ணி மிஞ்சும். மடிப்பின் நடுவைப் பிடித்து மேலே தூக்கி, தையல் நின்ற இடத்தோடு சேருங்கள். இப்போது வலப்புறமும் இடப்புறமும் திறப்பு குறுக்குவாட்டில் படியும். துணிப் பையின் மூலையை மடித்துத் தைப்போமே, அதே போலக் குறுக்கே தைத்துவிடுங்கள். குதிகால் கிண்ணம் மாதிரி உருண்டு நிற்கும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்றால் தையல் மேடு எல்லாம் வெளிப்பக்கமாக வரட்டும். விரல் நுனிச் சுருக்கின் முடிச்சையும் வெளியே கொண்டுவந்து போடுங்கள். அழகு போய்விடுமே என்றால் முடிச்சின் மேல் ஒரு கம்பளிக் குஞ்சம் வைத்து மறைத்துவிடலாம். தைத்து முடித்ததும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். உங்கள் விரலுக்கு ஒரு முடிச்சோ மேடோ தட்டினால், உணர்ச்சியில்லாத காலில் அது புண்ணாக்கிவிட்டுத்தான் தெரியவரும்.

வாய்க்கு ஒரு பட்டி வைத்தால் கழன்று விழாது. முன்பக்கம் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, குதிகாலைச் சுற்றிக்கொண்டு மறு ஓரம் வரை, சங்கிலிக்கு ஒன்றாகக் கண்ணி எடுத்தால் இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 25. ஒரு ப்ளெயின் ஒரு பர்லாக 6 வரிசை பின்னி, 7-ம் நம்பர் ஊசியால் தளர்த்தியாக முடியுங்கள். முன்னால் இரு முனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நாலு தையல் போடுங்கள். எலாஸ்டிக் நுழைக்காதீர்கள், கணுக்காலில் தடம் விழும்படி எதுவும் இறுக்கக்கூடாது. நாடா வைத்து முன்னால் முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. பார்க்க லட்சணம்தான். ஆனால் நாடா அவிழ்ந்து தொங்கினால் மிதித்து விழுவார்கள். பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

அடிப்பாகம் வழுக்கக்கூடாது

இதைப் படிக்காமல் விட்டுவிட்டு யாரும் ஜுத்தியை மாட்டிவிடாதீர்கள். வழவழ டைல்ஸ் மேல் வெறும் கம்பளி, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி, கடையில் வாங்கின வெறும் ஸாக்ஸோடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது ஹாலில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கவே நாலு மாதம். அந்த வயதில் எலும்பு முறிவதை எலும்போடு முடிகிற சங்கதியாக நினைக்கக்கூடாது. படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், மனசும் விழுந்துவிடும். குளிரிலிருந்து காப்பாற்றப் போய் விழ வைத்தால் அது என்ன ஜுத்தி?

இதற்கு இரண்டு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கும் வாஷ் பேஸினுக்கும் பூசக் கிடைக்கும் ஸிலிக்கோன் பசை. ஜுத்திக்குள் செய்தித்தாளைத் திணித்து, கவிழ்த்து வைத்து, குதிகாலிலும் முன்பாதத்திலும் ஒரு அங்குல இடைவெளி விட்டுக் கொண்டைக்கடலை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொன்றையும் லேசாக அழுத்திவிடுங்கள். பசை நூலுக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். காயும்போது சில பசைகளில் வினிகர் போலக் காட்டமாக நெடி வரும், ஆகவே பால்கனியில் வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். இரண்டாவது, டிராயருக்கும் கம்பளத்துக்கும் அடியில் விரிக்கிற, வலை போன்ற வழுக்காத ரப்பர் விரிப்பு. செய்தித்தாளில் வரைந்த பாத அளவைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டி, அடியில் வைத்துக் கெட்டி நூலால் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி வெளிப்பக்கக் கண்ணியை மட்டும் பிடித்தால் போதும், உள்ளே நூல் வரக்கூடாது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. தேய்ந்தால் பிரித்துப் புதிதாக வைத்துவிடலாம். அம்மாவுக்கும், பசை நாற்றம் இல்லாததால், அதில்தான் திருப்தி.

ஜுத்தியைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நகராமல் நின்றால் சரி. எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் ஈரத் தரையில் நம்பக்கூடாது. பாத்ரூம் வாசலிலேயே கழற்றிவிட்டு, அங்கே பிடிப்புள்ள ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அம்மா பாத்ரூமில் மட்டும் அதற்குச் சம்மதித்திருக்கிறார். மாடிப்படியிலும் ஜுத்தி வேண்டாம். ராத்திரி படுக்கும்போது கழற்றிப் பாதத்தை நன்றாகப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம். எங்கேயாவது சிவந்திருந்தால் மறுநாள் ஜுத்தி வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு

ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாதம் 16 சென்டிமீட்டர், சுற்றளவும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 கண்ணி ஏற்றி, 36 வரிசை ப்ளெயின், 13 அல்லது 14 வரிசை வரிப் பின்னல் போட்டு நுனியை முடித்தால் சரியாக வரும். குதிகாலில் மேலிருந்து 12 கண்ணி தைத்து, பாக்கி நாலு நாலைக் குறுக்கே தையுங்கள். வளர்கிற கால், அடுத்த குளிருக்கு வேறு பின்னத்தான் வேண்டும். பெரிதாகப் பின்னி வைப்போம் என்று எண்ணாதீர்கள், ஓடுகிற குழந்தை தடுக்கி விழும்.

இப்போதுதான் நடை பழகுகிற குழந்தைக்கு வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. விரலால் தரையைப் பிடித்துத்தான் அது நடக்கக் கற்றுக்கொள்கிறது. ரொம்பச் சில்லென்று இருந்தால் கம்பளம் விரித்து விடுங்கள். மடியில் இருக்கும் குழந்தைக்குத் தாராளமாகக் கம்பளி போடலாம், ஆனால் போடும் முன்பு ஒவ்வொரு தடவையும் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்குகிற நூலையெல்லாம் வெட்டிவிடுங்கள். தளர்ந்த நூலோ நம் தலைமுடியோ குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் முதலில் ஸாக்ஸைக் கழற்றி விரலைப் பாருங்கள். வீங்கிச் சிவந்து, நடுவில் கோடு போல அழுந்தியிருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டதற்குக் குஞ்சமும் பொத்தானும் வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

துவைப்பதும் எடுத்து வைப்பதும்

அசல் கம்பளியை வெந்நீரில் போட்டாலும் வாஷிங் மெஷினில் சாதாரணமாகச் சுழற்றினாலும் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அம்மாவுக்குப் பின்னியது பாப்பாவுக்கு ஆகிவிடும். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நுரை போதும். பட்டுப் புடவைக்கு உபயோகிக்கிற அதே பூந்திக்கொட்டைதான். பத்து நிமிஷம் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு போகும். சரியாக உலராத ஜுத்தியை மாட்டவே கூடாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இதனால்தான் ஆளுக்கு இரண்டு ஜோடியாவது வேண்டும்.

ஹோலி கழிந்ததும் எடுத்து வைக்கலாம். துவைத்து, வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலையோடு துணிப் பையில் கட்டி வையுங்கள். அழுக்கோடு வைத்தால் பூச்சி நிச்சயம். பாச்சை உருண்டை வைப்பதானால் பச்சைக் குழந்தையின் துணிகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்த நெடி பட்ட துணியால் சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலையே வந்துவிடும்.

இன்னும் ஒரே ஒரு சங்கதி. ஒற்றை ஜுத்தியைப் பின்னிவிட்டு இன்னொன்றை அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாள் தள்ளிப் போனால் கையின் இறுக்கமே மாறிவிடும், ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் நிற்கும். முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதுக்குக் கண்ணி ஏற்றிவிட்டுத்தான் ஊசியைக் கீழே வைக்க வேண்டும் என்பது ஆன்ட்டிஜியின் சட்டம். பத்து மேட்டுக்கு ஒரு தடவை வேறு கலர் நூலில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு வைத்தால் எண்ணிக்கை தவறாது, தைத்து முடித்ததும் உருவிவிடலாம். யாருக்குப் பின்னினோம் என்பதையும், 44, 50, 20 என்ற கணக்கையும், ஊசி நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பாத அளவு வரைந்த செய்தித்தாளோடு மடித்து, மிச்ச நூல் உருண்டைக்கு நடுவில் செருகி வையுங்கள். அடுத்த கார்த்திகைக்குத் தேடும்போது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.